பட்டாசு ஆபீஸுக்குள் செல்ல வேண்டிய அளவு நாடா

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்று மக்கள் வழங்கும் தொழிற்கூடங்களில் திரி வைப்பது, சரம் பின்னுவது, குழாய் உருட்டுவது, பெட்டி ஒட்டுவது போன்ற பணிகளில் பல உட்கார்ந்த நிலையிலேயே நடைபெறுகின்றன. செய்த உருப்படிக்கு ஏற்பக் கூலி என்பதால் கைகள் ஓய்வதில்லை என்றாலும், சர்க்கரையைப் பெருமளவில் எரிக்கக்கூடிய தொடைத் தசைகளுக்கு அங்கே வேலையே இல்லை. மாலையில் களைத்து வீடு திரும்பும் ஒரு பெண்ணை உடலுழைப்பு இல்லாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் நீரிழிவைப் பொறுத்தவரை அவர் உடல் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

தோலுக்கு அடியில் தங்கும் கொழுப்பும், வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேரும் உள்ளுறுப்புக் கொழுப்பும் ஒரே தன்மையன அல்ல. உள்ளுறுப்புக் கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள், குடலின் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் நாளத்தின் வழியே நேராகக் கல்லீரலை அடைவதால், இன்சுலின் சுரந்தும் அதன் சொல்லுக்கு உடல் பணியாத இன்சுலின் எதிர்ப்பு நிலை உருவாகிறது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மாரடைப்பும் அதைத் தொடர்ந்து வரக்கூடியவை. கொழுப்பு எங்கே சேர்கிறது என்பது முக்கியம் என்று பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947இலேயே எழுதினார்.

தெற்காசியருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை குறியீட்டெண் இருவருக்கும் 22.3தான், ஆனால் உடலிலுள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடை பார்க்கும் இயந்திரம் காட்டத் தவறும் இந்த வேறுபாட்டை ஓரளவு காட்டிவிடுவது இடுப்புச் சுற்றளவு. ஐரோப்பிய ஆண்களுக்கு 94 சென்டிமீட்டரில் தொடங்கும் எச்சரிக்கை, இந்திய ஆண்களுக்கு 90இல் தொடங்குவதும் இதனால்தான். பெண்களுக்கு எல்லை 80.

அளக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். பேன்ட் அளவு தொப்பைக்குக் கீழே எடுக்கப்படுவது, சேலைக் கட்டோ மேலும் கீழும் நகர்வது. இரண்டையும் நம்ப இயலாது. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டறிந்து, இரண்டுக்கும் நடுவே, துணியின்மேல் அல்லாமல் உடலின்மேல், தரைக்கு இணையாக நாடாவைச் சுற்றி, வயிற்றை எக்காமல் இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நொடியில் அளவைப் படிக்க வேண்டும். கருவுற்றவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. மேலும், இது நோயை உறுதிசெய்யும் சோதனை அன்று. யாருக்கு இரத்தப் பரிசோதனை உடனே தேவை என்று அடையாளம் காட்டுவது மட்டுமே இதன் பணி.

அப்பணியை இது எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதற்கு, சென்னையில் மருத்துவர் மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்ணைப் பார்க்கலாம். 40 வயது, 150 சென்டிமீட்டர் உயரம், 50 கிலோ எடை, 84 சென்டிமீட்டர் இடுப்பு உடைய, உட்கார்ந்தே வேலை செய்யும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்த்தால், அவருடைய உடல் நிறை குறியீட்டெண் 22 அளவில் நின்று எந்தக் கவலையையும் எழுப்பாது. மதிப்பெண்ணோ வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உடலசைவின்மைக்கு 30 எனப் பெற்றோருக்கு நீரிழிவு இல்லாதபோதே 60ஐத் தொட்டு, அவரை உயர் இடர் உள்ளவராகக் காட்டிவிடும். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற எளிய விதிப்படி பார்த்தாலும் அவர் 75ஐத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டார்.

விருதுநகரின் எண்ணெய் புரோட்டாவையும் சாத்தூர்க் காராச்சேவையும் மட்டும் குறைசொல்வது எளிது. நாள் முழுவதும் அசையாத கால்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தொற்றா நோய்களைக் கண்டறிய அரசுச் சுகாதாரப் பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் 30 வயதைக் கடந்தோரின் இடுப்பளவுக்கு இடம் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் அந்தப் பகல் வேளையில் இந்தப் பெண்கள் வீட்டில் இருப்பதில்லை. பணியிடத்துக்கே செல்லும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2024இல் தொடங்கப்பட்டிருக்கும் நிலையில், பெரிய ஆலைகளோடு நின்றுவிடாமல், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் சிறு பட்டாசுக் கூடங்களுக்கும், கூலி பிடிக்கப்படாத ஒரு வேளையில், அந்த நாடா போய்ச் சேர வேண்டும்.