‘பசிச்சா தானாத் திங்கும்...’ சின்சில்லாவிடம் இந்த வைத்தியம் வேண்டாம்! சிரிஞ்ச் உணவை மறக்கடிப்பது எப்படி?

கொங்கு வீடுகளில் குழந்தைக்குப் பால் மறக்கடிக்கும் நாள்கள் பெரும்பாடு. வேப்பிலையை அரைத்துத் தடவுவார்கள். குழந்தை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளிக்கும். இரண்டு நாள் வீடே அதிர அழும். மூன்றாம் நாள் பருப்புச் சோற்றுக்கு வாய் திறக்கும். அதுவரை பதறும் அம்மாவிடம், ‘விடு கண்ணு, பசிச்சா தானாத் திங்கும்’ என்பார் அம்மிச்சி. குழந்தைகள் விஷயத்தில் அந்த வார்த்தை பெரும்பாலும் பலித்துவிடும்.

அதே வார்த்தையை நம்பி ஒரு சின்சில்லாவைப் பட்டினி போட்டால், அதன் உயிரே போய்விடலாம்.

சின்சில்லா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி. சுமார் அரைக் கிலோ எடை, பெரிய காதுகள், பஞ்சுபோன்ற ரோமம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை, சில நேரம் அதற்கு மேலும் வாழும். அதனால் ஒருமுறை வீட்டுக்கு வந்துவிட்டால், அது குடும்பத்தில் ஒருவர்தான்.

இந்தக் குட்டி ஜீவனுக்குப் பல்வலியோ வயிற்றுக் கோளாறோ வந்தால் முதலில் சாப்பாட்டை நிறுத்திவிடும். அப்போது மருத்துவர், நார்ச்சத்து மாவைத் தண்ணீரில் குழைத்து ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊட்டச் சொல்வார். பகலிலும் இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டுவார்கள். ஒருவழியாக உடல் தேறும். ஆனால், கூண்டில் வைத்த புல்லைத் திரும்பியும் பார்க்காமல் சிரிஞ்சுக்காகவே காத்திருக்கும். வளர்ப்பவருக்கோ தூக்கமில்லை, வெளியூர்ப் பயணமில்லை. நிறுத்தவும் பயம், தொடரவும் முடியவில்லை. என்னதான் செய்வது?

பட்டினி ஏன் ஆகாது?

சின்சில்லாவின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். புல்லின் நார்ச்சத்தை அதன் பெருங்குடல் பகுதியில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. உள்ளே நார் போவது நின்றால் குடலின் அசைவு குறையும், வாயு சேரும், வலி வரும். வலி வந்தால் பசி இன்னும் குறையும். வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. எனவே அரை நாள் முழுக்க எதுவும் சாப்பிடாமல் இருந்தாலே அதை அவசரமாகக் கருதி மருத்துவரை அழைக்க வேண்டும்.

சிரிஞ்சே போதும் என்று விடலாமா?

அதுவும் கூடாது. சின்சில்லாவின் 20 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்பவை. முன்பற்கள் மட்டுமே ஆண்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை வளரும். காய்ந்த புல்லை மணிக்கணக்கில் அரைக்கும்போதுதான் அவை தேயும். குழைந்த கூழில் அரைக்க ஒன்றுமில்லை. பற்கள் நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். குத்தினால் புல் தின்னாது. தின்னாததால் மறுபடியும் சிரிஞ்ச். உயிரைக் காப்பாற்றிய சிரிஞ்சே, அளவுக்கு மீறி நீடித்தால் அடுத்த நோய்க்கு வழி செய்துவிடும்.

மலையிறங்கிய 11 சின்சில்லாக்கள்

பழக்கத்தை மாற்றுவதில் அவசரம் கூடாது என்பதற்கு, சின்சில்லா வளர்ப்பின் முதல் அத்தியாயமே சாட்சி. சிலி நாட்டில் வேலை பார்த்த அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் மத்தியாஸ் சாப்மன், 1923-ல் 11 சின்சில்லாக்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். ரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு அந்த இனமே அருகியிருந்த காலம் அது. உயரமான மலையிலிருந்து அவற்றை ஒரேயடியாகக் கீழே இறக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் நிறுத்தி நிறுத்தி இறக்கினார். பழகிய தீனியையும் கையோடு எடுத்துக்கொண்டார். கப்பலில் ஐஸ் வைத்துக் கூண்டுகளைக் குளிர்வித்தார். இன்று அமெரிக்காவில் வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தின் வாரிசுகள் என்று சொல்லப்படுகிறது.

நம் ஊர்க் கன்றுக்குட்டிக்கும் இதே கணக்குதான். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் மாடுகள் மேயும் கொழுக்கட்டைப்புல்லைத் தாயின் அருகில் நின்றே கன்று கொறிக்கப் பழகும். அப்படிக் கொறிக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் அசைபோடும் வயிறு வளர்கிறது. பால் ஒரு பக்கம் இருக்கும்போதே புல் உள்ளே வர வேண்டும். பாலை நிறுத்திவிட்டுப் புல்லைத் தேடக் கூடாது. சிரிஞ்சை மறக்கடிப்பதற்கும் இதுதான் சூத்திரம்.

முதலில் மருத்துவர், பிறகு மாற்றம்

செல்லம் கொஞ்சுவதால் சாப்பிட மறுக்கிறது என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். மோவாய் நனைந்திருக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, தீனியை வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா என்று பாருங்கள். இவை பல்வலியின் அடையாளங்கள். கடைவாய்ப் பற்களின் வேர்களை எக்ஸ்ரே இல்லாமல் பார்க்க முடியாது. வலி தீராமல் சிரிஞ்சைக் குறைப்பது கொடுமை.

சின்சில்லாவுக்குப் பார்க்கும் மருத்துவர் அருகில் கிடைக்காவிட்டால், நாமக்கல், உடுமலைப்பேட்டை அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மனிதர்களுக்கு வழக்கமாகத் தரும் அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தால், குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து சின்சில்லா இறந்துபோகக்கூடும்.

மறக்கடிக்கும் வழிகள்

* கிராம் கணக்கு காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். அடர்த்தியான ரோமம் இளைப்பை மறைத்துவிடும். கண் ஏமாறும், தராசு ஏமாறாது.

* எடை சில நாள்கள் நிலையாக நின்று, புழுக்கையும் வழக்கமான அளவில் வந்தால் மட்டுமே குறைக்கத் தொடங்குங்கள். புழுக்கை சிறுத்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ, உள்ளே போவது போதவில்லை என்று அர்த்தம்.

* சின்சில்லா மாலையிலும் இரவிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். மாலை உணவுக்கு முன்பே புதிய காய்ந்த புல்லை வையுங்கள். அது கொறித்துப் பார்க்க நேரம் கொடுத்து, அதன்பிறகு சிரிஞ்சை எடுங்கள்.

* ஒரு வேளையை அப்படியே வெட்டாமல், வேளைக்கு ஓரிரு மில்லியாகக் குறையுங்கள். காலையில் எடை இறங்கியிருந்தால் அந்தக் குறையைச் சிரிஞ்சில் ஈடுகட்டுங்கள். எடை நின்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

* அதே கூழைக் கெட்டியாக்கிச் சின்னக் கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள். பழகிய வாசனை என்பதால் நக்கிப் பார்க்கும். பிறகு ஊறவைத்த பெல்லட், அதன்பிறகு காய்ந்த பெல்லட் என்று மாற்றலாம். கெட்டுப்போகும் முன் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

* ஊட்டும்போது சிரிஞ்சை வாயின் பக்கவாட்டில் வைத்து, விழுங்க விழுங்கக் கொஞ்சமாகக் கொடுங்கள். நேராகப் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

* ‘எதையாவது தின்றால் சரி’ என்று திராட்சை, பேரீச்சை, நிலக்கடலை கொடுக்காதீர்கள். சர்க்கரையும் கொழுப்பும் அதன் குடலுக்கு ஆகாது.

எங்கே நிறுத்திப் பின்வாங்குவது? 500 கிராம் சின்சில்லா 25 கிராம் இளைத்தால், பழைய அளவுக்கே திரும்பிவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். 50 கிராம் இளைத்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஒரு படி பின்வாங்குவது தோல்வி அல்ல. சில சின்சில்லாக்கள் ஒரு வாரத்தில் பழகும். சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். பல்லின் வேரே கெட்டுப்போனவற்றுக்குக் கடைசிவரை கைத்துணை தேவைப்படலாம். அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கோவை வெயிலை மறக்காதீர்கள்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நமக்குச் சுகம். ஆனால் குளிர்ந்த மலையில் வாழ்ந்த சின்சில்லாவுக்கு அது போதாது. அறையின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பது நல்லது. 27-ஐத் தாண்டினாலே வெப்பத் தாக்கு வரலாம். கோவையிலும் ஈரோட்டிலும் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 35 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். சூட்டில் சோர்ந்து சாப்பிடாமல் கிடப்பதை அடம் என்று நினைத்துவிடக் கூடாது. ஏ.சி. அறை அவசியம். கூண்டுக்குள் கிரானைட் பலகை ஒன்றைப் போட்டால் அதன்மேல் படுத்துக்கொள்ளும். தண்ணீரில் மட்டும் குளிப்பாட்டாதீர்கள். அடர்ந்த ரோமத்தில் ஈரம் தங்கிவிடும். அதற்கென விற்கும் மண்தூளில் புரண்டுதான் அது குளிக்கும். கோடை உச்சத்தில் சிரிஞ்சைக் குறைக்கும் முயற்சியைத் தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது.

சிரிஞ்சை நிறுத்தினால் நம் பாசத்தை மறந்துவிடுமோ என்று பலருக்குத் தயக்கம் வரும். வேளை தவறாமல் ஊட்டிய கை அல்லவா? அந்தக் கையை விலக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில், அதே மடியில் வைத்து, சிரிஞ்சுக்குப் பதிலாக ஒரு புல் தண்டை நீட்டுங்கள். முதல் நாள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இன்னொரு நாள் பிடுங்கிப் போடும். ஒருநாள் உட்கார்ந்து, முன்னங்கால்களில் பிடித்து, நறநறவென்று கடித்துத் தின்னும். அன்றைக்கும் மறக்காமல் எடை பாருங்கள்!