புதர் வெட்டலும் நிலந் திருத்தலும்

காடு வெட்டுதல் வேறு. நிலந் திருத்துதல் வேறு. முன்னது கத்தியின் வேலை. சில நாளில் முடிந்துவிடும். பின்னது மண்ணின் வேலை. அதற்கு மாதங்கள் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் மலாக்கா மாநிலம் இழந்தது மிகப் பெரிது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, தமிழ்ப் பள்ளிகள் பல இடம் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், புதர் மண்டிய நிலத்தைப் பூங்காவாகவோ பள்ளித் தோட்டமாகவோ ஆக்கும் பொறுப்பு ஆசிரியர்க்கும் ஊர்ப் பொதுமக்களுக்கும் அடிக்கடி வந்து சேர்கிறது. ஆகலின் பழைய பட்டறிவை ஒருமுறை திரும்பி நோக்குவது பயனுடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்காவின் உட்பகுதிகளில் சீன முதலாளிகள் பெருங்காடுகளை அழித்து மரவள்ளி பயிரிட்டனர். கிழங்கிலிருந்து மாவெடுக்கும் ஆலைகளுக்கு விறகும் அக்காடுகளிலிருந்தே வந்தது. சில விளைவுகள் எடுத்தபின் மண் வலுவிழந்தது. அந்நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை வெட்டினர். கைவிடப்பட்ட நிலத்தில் எழுந்தது காடன்று, லாலாங் புல்லே. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டமாக அது எண்ணப்படுகிறது. பின்னர் ரப்பர் பரவியபொழுது, மரவள்ளி தின்று தீர்த்த லாலாங் வெளிகள் பலவும் தோட்டங்களாயின. அப்புல்லைக் கல்லி எறிந்த கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல.

லாலாங்கின் இயல்பை அறியாமல் அதனோடு போரிடுதல் வீண். மேலே தெரியும் இலை அதன் ஆடை மட்டுமே. உயிர் மண்ணுக்குள் ஓடும் வெண்ணிறத் தண்டுகளில் உள்ளது. தீ வைத்தால் இலை கருகும்; தண்டு பிழைக்கும். சில நாளில் பச்சை முளைகள் முன்னினும் அடர்ந்து எழும். பூத்து, பஞ்சு போன்ற விதைகளைக் காற்றில் விடும். மண்வெட்டியால் கொத்தினாலும் தண்டு துண்டுபடுமேயன்றி மடியாது. துண்டுகள் தனித்தனியே முளைக்கும். எனினும் இப்புல்லுக்கு ஒரு குறையுண்டு; அது நிழலைத் தாங்காது. வெயில் மறைந்தால் மெல்ல மெல்ல மெலிந்து சாகும். எனவே அதனை வெல்லும் கருவி தீயன்று, நிழலே.

வெட்டுதலால் விளையும் கேட்டுக்கு மற்றொரு சான்று மருத்துவ வரலாற்றிலிருந்து கிடைக்கிறது. 1901ஆம் ஆண்டில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கரையோரத் தாழ்நிலத்தில் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்தபொழுது மலேரியாக் காய்ச்சல் குறைந்ததைக் கண்டார். அங்கே நோய் பரப்பிய கொசு நிழலான தேங்குநீரில் வளர்வது. ஆனால் மலைச்சரிவுத் தோட்டங்களில் அதே வேலை எதிரான பயனைத் தந்தது. மரநிழல் நீங்கி ஓடைகளில் வெயில் பட்டவுடன், வெயிலுள்ள தெளிநீரை விரும்பும் வேறொரு கொசு பெருகிற்று. லயத்து மக்கள் காய்ச்சலில் மடிந்தனர். நிலத்தடிக் குழாய் வைத்து நீரை மறைப்பதும், பின்னர் நீர்மேல் எண்ணெய் தெளிப்பதும் அங்கு வேண்டியவாயின. ஒரே கத்தி ஓரிடத்தில் நலம் செய்தது. மற்றோரிடத்தில் உயிர் கொண்டது. நீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது என்பதை அறியுமுன் கத்தி எடுத்தல் கூடாது என்பதே இதன் பாடம்.

மூன்றாவது பாடம் மண்ணைப் பற்றியது. தொடக்கக் காலத் தோட்டங்களில் ஒரு புல்லும் தெரியாதபடி நிலத்தைச் சுரண்டி வைத்தலே ஒழுங்கு எனக் கருதப்பட்டது. மழையடித்தபொழுது மேல்மண் ஆற்றோடு போயிற்று. மரத்தின் வேர்கள் வெளியே தெரிந்தன. 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தோட்டத்தினரும் பின்னர் மூடுபயிரின் அருமையை உணர்ந்தனர். பியூரேரியா, செந்துரோசிமா, காலப்பகோனியம் ஆகிய அவரையினக் கொடிகள் மரங்களுக்கிடையே படரவிடப்பட்டன. அவை லாலாங்குக்கு நிழலாகும்; மழைத்துளிக்குக் குடையாகும்; தம் வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிற் சேர்க்கும்.

இங்கே தமிழாசிரியர் ஒன்றனை எண்ணிப் பார்க்கலாம். உழுத மண் ஒரு பலம் காற்பலமாகும்படி காய்ந்தால், ஒருபிடி எருவும் வேண்டாமலே பயிர் விளையும் என்பது உழவு அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் கருத்து. தமிழகத்தில் நீண்ட கோடை உண்டு. கோடை உழவில் புழுதி காயும், களை மடியும். மலாக்காவிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை, மாதந்தோறும் பகிர்ந்து பெய்கிறது. திறந்து கிடக்கும் மண் காயுமுன்னே கரைந்து போகும். ஆகவே அக்கருத்தை இந்நாட்டிற்குக் கொள்ளுங்கால் அளவறிந்து கொள்ளல் வேண்டும்: மழையற்ற சில நாள் பார்த்து, சிறு துண்டு நிலத்தை மட்டும் திறந்து, லாலாங் தண்டுகளைக் காயவைத்து, உடனே மூடிவிடுதலே இங்குப் பொருந்தும்.

மாநிலத்தின் உட்பகுதி மண்ணுக்கு இன்னோர் இயல்பும் உண்டு. அது பெரும்பாலும் இரும்புக் கலப்புள்ள செம்மண். இடையிடையே சரளை நிறைந்திருக்கும். மலேசிய மண்ணியலார் வகுத்த மண்தொடர்களுள் சரளை மிகுந்த ஒன்றுக்கு மலாக்கா என்றே பெயர். இவ்வகைச் செம்புறைப் படிவம் வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டால் கல்லாக இறுகுவது. போர்த்துகீசியர் 1511க்குப் பின் எழுப்பிய கோட்டைக்கும் இக்கல் பயன்பட்டது. கோட்டைக்குச் சிறந்தது தோட்டத்திற்குக் கேடு. மேல்மண்ணை இயந்திரத்தால் வழித்தெடுத்து நிலத்தை மட்டம் செய்தால் எஞ்சுவது கல்லே.

இனி, செயலை நிரலாக நோக்குக. முதலில், நல்ல மழை பெய்து முடிந்தவுடன் நிலத்தைச் சுற்றிப் பார்த்து நீரின் வழியைக் குறித்தல் வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டிய மரங்களுக்கு அடையாளம் இடுக. பின்னர் முழங்கால் உயரத்திற்கு மட்டும் வெட்டுக. பழங்கிணறும், வேலிக் கம்பியும், பாம்புப் புற்றும் அப்பொழுதுதான் கண்ணுக்குத் தெரியும். லாலாங் வெளியில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் கடியால் புதர்க்காய்ச்சல் வருவதுண்டு. 1948இல் கோலாலம்பூரில் நடந்த ஆய்வால் அதற்கு மருந்து உறுதிப்பட்டதெனினும் நோயை வரவிடாமையே நன்று. கால்மூடிய காலணி, நீண்ட கால்சட்டை, வேலை முடிந்ததும் குளியல் ஆகியவை கட்டாயம். மாணவரை இம்முதல் வெட்டுக்கு அழைத்தல் தகாது.

வெட்டியதை எரித்தலும் ஆகாது. திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லையெனினும் அத்தழை மண்ணின் உணவு. சரிவுக்குக் குறுக்கே வரப்புப்போல் அடுக்கினால் ஓடும் நீரைத் தடுத்து, மக்கி எருவாகும். களைக்கொல்லி மருந்தை நாடுவோர், பல்லாண்டாகத் தோட்டத்துப் பெண்கள் முதுகில் சுமந்து தெளித்த பாராகுவாட் நஞ்சு 2020 சனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளதை நினைவிற் கொள்க. சிறு நிலத்திற்குக் கவைமுள்ளும் பொறுமையும் போதும். தண்டை வெட்டாமல் முழுதாகக் கிளப்பி எடுத்து வெயிலில் உலர்த்துக.

மட்டம் செய்ய நேர்ந்தால், கருமையான மேல்மண்ணை ஒரு பக்கம் குவித்து வைத்து, வேலை முடிந்தபின் மீண்டும் பரப்புமாறு ஒப்பந்தக்காரரிடம் முன்னரே சொல்லிவிடல் வேண்டும். பின்னர் மண்ணைச் சோதிக்கலாம்; இது மாணவர்க்கு ஏற்ற வேலை. கண்ணாடிப் புட்டியில் ஒரு பங்கு மண்ணும் மூன்று பங்கு நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால், மணல் உடனே அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி ஒரு நாளும் கலங்கி நிற்கும். அடுக்குகளை அளந்தால் மண்ணின் அமைப்பு விளங்கும். உட்பகுதிச் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மையுடையது. அளவாகச் சுண்ணாம்புத் தூளும் நிறைய மக்கெருவும் வேண்டும்.

கிளேபாங் கரையின் கதை வேறு. அங்கே மண் மணலாயிருக்கிறது. கடலைத் தூர்த்து ஆக்கிய வெளியும் உண்டு. மணலில் நீரும் நிற்காது, சத்தும் நிற்காது. தேங்காய் மட்டையும் தழையும் இட்டு மூடி, உப்புக் காற்றைத் தாங்கும் தென்னை, புன்னை, பூவரசு ஆகியவற்றை முதலில் நட்டு, அவற்றின் மறைவில் பூச்செடிகளை வைப்பதே முறை.

எந்த நிலமாயினும், திறந்த மண்ணை அன்றன்றே மூடுதல் வேண்டும். சமநிலத்திற்கு மாட்டுப்புல் போதும். சரிவான இடத்திற்கு வெட்டிவேர் மிக ஏற்றது. அதன் வேர் பக்கத்தே படராமல் 3 மீட்டர் வரையும் நேர்கீழே இறங்கி மண்ணைப் பிணிக்கும். 1980களில் உலக வங்கி இப்புல்லை மண் காக்கும் வேலியாகப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சொல்லிற்று. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இதற்கு வழங்கும் பெயர், வெட்டிவேர் என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபே. கூந்தலுக்கும் குடிநீருக்கும் மணமூட்டத் தமிழர் தோண்டியெடுத்த வேரை, மண்ணிலேயே இருக்கவிட்டுப் பயன்கொள்ள உலகம் கற்றது. பள்ளிச் சரிவில் ஒரு வரிசை வெட்டிவேர் நடும் மாணவன் தாவரவியலையும் தமிழையும் ஒருங்கே கற்பான். அம்மண்ணும் அடுத்த தலைமுறைக்கு அங்கேயே இருக்கும்.