நழுவும் கிளச்சும் விடாத கிளச்சும்

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பவரை நாம் வைத்தியர் என்று மதிப்பதில்லை. ஆனால் இயந்திரங்களின் விஷயத்தில் மட்டும் அத்தகைய வைத்தியத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறோம். “கிளச்சு கெட்டுவிட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும்” என்று ஒருவர் சொன்னால், கெட்டது எந்த உறுப்பு, கெட்டதற்குக் காரணம் யாது என்று கேட்பவர் நம்மிற் சிலரே. புதிய வண்டியானால் இதனால் வருவது பண நட்டம் ஒன்றுதான். அறுபது, எழுபது ஆண்டு பழைய வண்டியிலோ நட்டம் இரட்டிப்பாகும். நல்ல நிலையில் இருந்த பழைய உறுப்பும் போய்விடும். அதன் இடத்தில் வந்த புதிய உறுப்பு அளவிற் பொருந்தாமல் இன்னொரு நோயையும் உண்டாக்கிவிடும்.

உயிலங்குளத்தில் ஒரு வண்டி

மதவாச்சியிலிருந்து மன்னாரை நோக்கி வரும் நெடுவீதியில், பாலத்தைக் கடந்து தீவுக்குள் புகுமுன்னர் வரும் ஊர்களுள் ஒன்று உயிலங்குளம். கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளையும் பகுதி அது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர், இரு தரப்பாரின் பகுதிகளுக்கும் இடையே மக்கள் கடந்து செல்லும் வாயில்களுள் ஒன்றாக இருந்தமையால், அவ்வூரின் பெயர் அக்காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது.

அவ்வூர்க் கமக்காரர் ஒருவரிடம் அவருடைய தந்தையாரின் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் நகரத்துப் பி.எஸ்.ஏ. கம்பெனியார் 1945 முதல் 1959 வரை செய்துவந்த ‘பி 31’ என்னும் 350 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் வண்டி அது. இடப்பெயர்வுக் காலத்தில் உறவினர் வீட்டுக் கொட்டிலிற் கிடந்து துருவேறிய அந்த வண்டியை, உறுப்புறுப்பாகக் கழற்றி, இல்லாதவற்றை நாலா இடங்களிலும் தேடிப் பொறுக்கி, மீண்டும் பூட்டுவித்தார். ஊரார் கூடி நின்று பார்க்க என்ஜின் உயிர்பெற்றது. ஆனால் வீதியில் இறங்கியதும் இரண்டு குறைகள் தெரிந்தன. கியரை மாற்றும்போது பற்சக்கரங்கள் கறகறவென்று அரைந்தன. குளக்கட்டின் மேட்டில் ஏறும்போதோ என்ஜின் மட்டும் இரைந்து வேகங்கொண்டது, வண்டி வேகங்கொள்ளவில்லை.

கிளச்சு முழுவதையும் புதிதாகத் தருவிக்க வேண்டுமென்று அவருக்குச் சொல்லப்பட்டது. அதற்கான பணமோ காலபோக உழவுக்கும் விதைநெல்லுக்கும் ஒதுக்கிய பணத்தை விழுங்கிவிடும். விற்றுவிட்டால் பழைய வண்டிகளைச் சேகரிப்போர் நல்ல விலை கொடுப்பார்கள். தந்தையார் ஓட்டிய வண்டியை விற்பதா, வயலைத் தரிசு போடுவதா என்ற நிலை வந்துவிட்டது. அந்த நிலையிலேதான் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டி போயிற்று. அவர் செய்ததைச் சொல்லுமுன்னர், கிளச்சு என்பது எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வோம்.

கிளச்சின் தொழில்

மிகப் பழைய மோட்டார் சைக்கிள்களிற் கிளச்சு கிடையாது. என்ஜினிலிருந்து ஒரு வார் நேரே பின்சில்லுக்குச் செல்லும். வண்டி நின்றால் என்ஜினும் நின்றுவிடும்; மறுபடியும் புறப்பட வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிப் பாய்ந்து ஏறவேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கவே சில்லு நிற்கவும், பிறகு மெல்ல மெல்ல இரண்டும் இணையவும் வழி செய்வதே கிளச்சு.

பி.எஸ்.ஏ. போன்ற வண்டிகளின் கிளச்சு ஓர் உருளைக்குள் அடுக்கிய தட்டுகளால் ஆனது. ஒன்றுவிட்ட ஒரு தட்டு உருளையோடு சேர்ந்து என்ஜினால் சுழலும். இடையிலுள்ளவை கியர்ப்பெட்டியின் அச்சோடு சேர்ந்து சுழலும். சுற்றிவர அமைந்த சுருள்வில்கள் ஓர் அழுத்துந்தட்டின் மூலம் இவை எல்லாவற்றையும் நெருக்கிப் பிடித்திருக்கும். கைப்பிடியை நாம் இழுக்கும்போது, கேபிள் ஒரு நெம்பை அசைக்கும். அந்நெம்பு, துளையுள்ள அச்சினூடாகச் செல்லும் தள்ளுகோலைத் தள்ளும். தள்ளுகோல் அழுத்துந்தட்டை வெளியே தூக்கும். தட்டுகள் தளர்ந்து தனித்தனியே சுழலும்.

ஒரே தட்டுப் போதாதா என்று மாணவர்கள் கேட்கலாம். இரண்டு அப்பியாசக் கொப்பிகளின் தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு இழுத்துப் பாருங்கள். கையின் அழுத்தம் ஒன்றே; ஆனால் அது தாளுக்குத் தாள் கடந்து சென்று, ஒவ்வொரு முகத்திலும் உராய்வை உண்டாக்குகிறது. ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். வில்களின் மொத்த விசை 1000 நியூற்றன், உராய்வுக் குணகம் 0.3, தட்டின் சராசரி ஆரை 6 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முகம் தாங்கும் முறுக்கம் 18 நியூற்றன் மீற்றர். எட்டு முகங்களானால் 144. உலர்ந்திருக்க வேண்டிய தட்டுகளில் எண்ணெய் படிந்து, குணகம் 0.1 ஆகக் குறைந்துவிட்டால், அந்த 144 வெறும் 48 ஆகிவிடும். வில்கள் சோர்ந்து விசை பாதியானால் 72 ஆகும். தட்டுகளைத் தொடாமலே அவற்றின் வலிமை போய்விடுவதை இக்கணக்குக் காட்டுகிறது.

இரண்டே நோய்கள்

கிளச்சுக்கு வரும் நோய்களைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று நழுவுதல், மற்றது விடாமை.

நழுவும்போது என்ஜினின் வேகம் கூடும், வண்டியின் வேகம் கூடாது. கருகிய வாடையும் வரும். கேபிளில் தளர்வே இல்லாமல் இறுக்கி வைத்திருப்பது இதன் முதற் காரணம். பிடியை யாரும் தொடாதபோதும் தள்ளுகோல் அழுத்துந்தட்டைத் தூக்கிக்கொண்டே நிற்கும். இதனை அடுத்து, சோர்ந்த வில்கள், தேய்ந்த தட்டுகள், வேண்டாத இடத்தில் எண்ணெய் அல்லது தகாத எண்ணெய் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

விடாத கிளச்சில், பிடியை முழுவதும் இழுத்த பின்னரும் வண்டி முன்னே ஊரும், கியர் அரையும், நிற்கும்போது நியூட்ரல் அகப்படாது. கேபிள் மிகத் தளர்ந்திருக்கலாம். அதன் உள்ளிழைகள் அறுந்து வரலாம். மன்னார்ப் பகுதியின் உப்புக் காற்று கேபிள்களை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். தள்ளுகோலின் நுனி தேய்ந்து குறுகியிருக்கலாம். தட்டுகள் நெளிந்திருக்கலாம். உருளையின் வெட்டுகளில் தட்டுகளின் காதுகள் பள்ளம் பறித்து, அப்பள்ளத்தில் அவை சிக்கிக்கொள்ளலாம். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியானால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியே போயிருக்கலாம்.

மீட்டெடுத்த வண்டிக்கு இவற்றோடு வேறொரு சந்தேகமும் உண்டு. தேய்ந்த வண்டியில் எல்லா உறுப்புகளும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். பூட்டிய வண்டியிலோ ஓர் உறுப்பு ஓரிடத்திலிருந்தும் மற்றோர் உறுப்பு வேறிடத்திலிருந்தும் வந்திருக்கும். தனித்தனியே பார்த்தால் எல்லாம் நல்லவை. சேர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஆகவே தேய்வை மட்டும் தேடாமல், பொருத்தத்தையும் தேடவேண்டும்.

செலவில்லாத சோதனை முதலில்

உயிலங்குளத்து வண்டிக்கு இரண்டு நோயும் ஒருங்கே இருந்தன. நழுவுவதற்கு மருந்தாக வில்களை இறுக்கினால் விடாமை மிகும். விடாமைக்கு மருந்தாகக் கேபிளை இறுக்கினால் நழுவல் மிகும். ஏற்கெனவே யாரோ இரண்டையும் செய்து பார்த்திருந்தார்கள். பிடி கல்லைப் போல் இறுகியதே கண்ட பலன்.

“ஐயா, தட்டெல்லாம் மாத்தத்தான் வேணுமாம். என்ன விலை வருமெண்டு கடையில கேப்பமோ?” என்றார் கமக்காரர்.

“பொறும் தம்பி. முதல்ல வண்டியக் கேப்பம், பிறகு கடைக்காரரக் கேப்பம்” என்றார் மெக்கானிக்.

அவர் முதலிற் பார்த்தது கைப்பிடியை. பிடியின் அடியில் கேபிளுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் தளர்வு இருக்கவேண்டும். இல்லாதிருந்த தளர்வை உண்டாக்கினார். இரு குறைகளும் அப்படியே இருந்தன. அடுத்துக் கேபிளைக் கழற்றி இழுத்துப் பார்த்தார். அது புதியது, தடையின்றி ஓடியது. மூன்றாவது சோதனை கிக்கரால் செய்யும் சோதனை. இத்தகைய வண்டிகளில், நாம் காலால் உதைக்கும் விசை கியர்ப்பெட்டி வழியாகவும் கிளச்சு வழியாகவும் சென்றே என்ஜினைச் சுழற்றுகிறது. ஆகவே பிடியைத் தொடாமல் உதைக்கும்போது, என்ஜின் சுழலாமற் கிக்கர் மட்டும் தாழ்ந்தால் கிளச்சு நழுவுகிறது. பிடியை இழுத்துக்கொண்டு உதைக்கும்போதும் என்ஜின் சுழன்றால் கிளச்சு விடவில்லை. ஒரு சதமும் செலவில்லாமல், வீதியில் இறங்காமல், இரு நோய்களையும் உறுதிப்படுத்தும் சோதனை இது.

இரு நோயும் உண்மை என்று கண்ட பின்னரே அவர் இடப்பக்க மூடியைத் திறந்தார். திறந்ததும் தட்டுகளைக் கழற்றவில்லை. கமக்காரரைப் பிடியை இழுத்துப் பிடிக்கச் செய்து, தாம் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, அழுத்துந்தட்டு சுழலும் விதத்தைக் கூர்ந்து பார்த்தார். நேராகச் சுழலவேண்டிய அது கோணிச் சில்லைப்போல் ஆடி ஆடிச் சுழன்றது. ஒரு பக்கம் நன்றாகத் தூக்கியது. எதிர்ப்பக்கம் தூக்கவே இல்லை.

தூக்காத பக்கத்தில் தட்டுகள் ஒட்டிக்கொண்டே இருந்தமையால் கியர் அரைந்தது. நழுவலுக்குக் காரணம் என்ன? வில்களைக் கழற்றி மேசைமீது நிறுத்தி வைத்தபோது அதுவும் வெளியாயிற்று. வில்கள் ஒரே உயரமாக இல்லை. சில பழையவை, சோர்ந்து குட்டையானவை. சில வேறெங்கோ கிடைத்த நெட்டையானவை. குட்டை வில்களால் மொத்த விசை குறைந்து, மேட்டில் கிளச்சு நழுவியது. நெட்டை வில்கள் ஒருபக்கம் மிகையாக அழுத்தியதால் அழுத்துந்தட்டு சரிந்தது. இரண்டாகத் தோன்றிய நோய்க்கு மூலம் ஒன்றே.

தட்டுகளையும் அவர் சோதித்தார். தட்டையான கண்ணாடிமேல் ஒவ்வொன்றையும் வைத்து, விளிம்பின் கீழ் ஒளி தெரிகிறதா என்று பார்த்தார், நெளிவு இல்லை. உருளையின் வெட்டுகளிலும் ஆழமான பள்ளமில்லை. முழுக் கிளச்சையும் வாங்கியிருந்தால், பிழையற்ற தட்டுகளை எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போட்டிருப்பார்கள். வில்கள் மாறினவோ இல்லையோ, நோய் தீர்ந்ததன் காரணம் ஒருவருக்கும் தெரியாமற் போயிருக்கும். ஒரே அளவான வில்கள் ஒரு தொகுதி மட்டுமே வாங்கப்பட்டன. அவற்றின் மரைகளைச் சிறிது சிறிதாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் பிடியை இழுத்துச் சுழற்றிப் பார்த்து, அழுத்துந்தட்டு ஆடாமற் சுழலும்வரை சரிசெய்தார். கியர் ஓசையின்றி விழுந்தது. குளக்கட்டிலும் வண்டி ஏறியது. விதைநெற் பணம் விதைநெல்லுக்கே போயிற்று.

தட்டுப்பாடு தந்த கல்வி

இத்தகைய நோயறியும் அறிவு வடபுலத்தில் வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990 ஆம் ஆண்டு முதல் வடக்கே பெற்றோல் கொண்டுசெல்லத் தடை இருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலால் என்ஜினைக் கிளப்பி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகம் வாங்கக் கடை இல்லாதபோது, எது பழுது என்பதைத் துல்லியமாக அறிந்தே தீரவேண்டியிருந்தது. பின்னர் 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் தொடங்கும்வரை, பழைய வண்டிகளைப் பேணும் தேவை நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று.

கடலுக்கு அப்பாலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் றோயல் என்பீல்ட் கம்பெனியாரும் சென்னை மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் 1955 இல் கூட்டாக அமைத்த என்பீல்ட் இந்தியா, திருவொற்றியூரில் ‘புல்லட்’ வண்டியைச் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்துத் தாய்க்கம்பெனி மறைந்த பின்னரும், அந்தப் பழைய அமைப்பைச் சென்னைத் தொழிலாளர் பல பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள். கிக்கரால் கிளச்சைச் சோதிக்கும் வழக்கம் அந்த வண்டிகளுக்கும் பொருந்தும்.

கைத்தொழிலைப் பள்ளிப் படிப்புக்குக் குறைந்ததாக எண்ணும் மாணவர்கள் அந்த முதிய மெக்கானிக் சென்ற வழியைக் கருதிப் பார்க்கவேண்டும். அவர் எளிய சோதனையை முதலிலும் கடினமானதைப் பின்னரும் வைத்தார். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினார். மாற்றிய ஒவ்வொரு முறையும் பலனைப் பார்த்தார். இரண்டு குறிகளுக்கும் பொருந்தும் ஒரு காரணத்தைக் காணும்வரை ஓயவில்லை. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நாம் கற்பிக்க முயலும் ஒழுங்கும் இதுவேயாகும். அத்தகைய முதியவர்கள் ஊருக்கு ஊர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் அவர்களருகே ஒரு மணி நேரம் நின்று பார்க்கும் பிள்ளை, உராய்வு என்ற பாடத்தை எளிதில் மறக்கமாட்டான்.