முதியோர் இல்லத்துச் சமையலறை: இடைக்காலத் தொழிலொன்றின் இயல்பு

படித்து முடித்தவன் தான் விரும்பிய உத்தியோகத்தை உடனே பெறுதல் எந்நாட்டிலும் அரிது. விண்ணப்பம் அனுப்புவதற்கும் நியமனக் கடிதம் கைக்கு வருவதற்கும் இடையே மாதங்கள் பல கழிதல் உண்டு. வீட்டு வாடகையோ அதுவரை காத்திராது. எம்மவர் பலர் வாழும் பிரித்தானியாவில் இத்தகைய இடைக்காலத்துக்கு உதவும் தொழில்களுள் ஒன்று, முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தற்காலிகச் சமையற்காரராகக் கடமையாற்றுதல். இம்மலரைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை அந்நாடு செல்லக்கூடும். பழைய மாணவருட் சிலரின் பெற்றோர் அத்தகைய இல்லங்களில் வாழவுங்கூடும். ஆதலின் அத்தொழிலின் இயல்பை ஈண்டு விளக்குதல் இருசாராருக்கும் பயன்படும்.

இல்லத்தின் நிரந்தரச் சமையற்காரர் நோயுற்றாலும் விடுமுறையிற் சென்றாலும் அங்கு வாழ்வோரின் உணவு ஒருவேளையேனும் தவறுதல் ஆகாது. ஆதலால் இல்லத்தார் முகவர் நிலையமொன்றுக்கு அறிவித்து, ஒரு நாளைக்கோ சில கிழமைகளுக்கோ ஒருவரைப் பெறுவர். முகவர் நிலையத்திற் பதிவு செய்ய விரும்புவோர் அந்நாட்டில் வேலை செய்யும் உரிமைக்கான அத்தாட்சியைக் காட்டல் வேண்டும். உணவுச் சுகாதாரச் சான்றிதழ், குற்றப்பதிவுச் சோதனைச் சான்று, முன்னைய அனுபவம் பற்றிய நற்சாட்சி என்பனவும் பெரும்பாலும் கேட்கப்படும். பட்டப்படிப்புக்கான மாணவர் அனுமதியிற் சென்றோர் வகுப்புக் காலத்திற் கிழமைக்கு 20 மணி நேரத்துக்கு மேற்பட உழைத்தல் விதிக்கு மாறாகும்.

உணவுச்சாலையிற் சமைத்த அனுபவம் மட்டும் இங்கே போதாது. உணவுச்சாலையில் உப்புக் குறைந்தால் உண்பவர் முகஞ்சுளிப்பர். முதியோர் இல்லத்தில் உணவின் பதம் தவறினால் உண்பவர் உயிரிழத்தலுங்கூடும். பாரிசவாதம், மறதிநோய் முதலியவற்றால் வருந்துவோர் பலருக்கு விழுங்கும் ஆற்றல் குன்றும். உணவு மூச்சுக்குழாயில் அடைபடலாம். சுவாசப்பையுட் சென்று காய்ச்சலை விளைவிக்கலாம். இதனைத் தடுக்கும்பொருட்டு உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரையுள்ள படிகளாக வகுக்கும் சர்வதேச முறையொன்று உண்டு. 2019 ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியாவில் இதுவே பொதுமுறையாக வழங்கி வருகின்றது.

அம்முறையில் 4 ஆம் படி உணவு கட்டியின்றி மசிக்கப்பட்டதாய், கரண்டியிற் குவிந்து நிற்பதாய், கரண்டியைச் சரித்தால் ஒருங்கே விழுவதாய் இருத்தல் வேண்டும். 5 ஆம் படியில், வளர்ந்தோர்க்குரிய உணவுத் துணுக்கு 4 மில்லிமீற்றர் அகலத்தைக் கடத்தலாகாது. முள்ளுக்கரண்டியின் இரு முட்களுக்கு இடைப்பட்ட வெளியே அதற்கு அளவு. 6 ஆம் படியில் மெதுவான துண்டுகள் 15 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். பிறர்க்குத் தீங்கற்றதான உலர்ந்த பாண் துண்டு இப்படிகளைச் சேர்ந்தவர்க்கு அபாயமானது. எவர்க்கு எப்படி என்பதைத் தீர்மானிப்பவர் பேச்சு மொழிச் சிகிச்சையாளரே, சமையற்காரர் அல்லர். ஆகவே புதிய இல்லத்துட் புகும் தற்காலிகச் சமையற்காரர் அடுப்பை மூட்டுமுன் செய்யவேண்டியது, அங்கு வாழ்வோரின் உணவுப் பட்டியலைக் கேட்டு வாசித்தலும், ஐயமுள்ளவற்றைத் தாதியரிடம் உசாவித் தெளிதலுமாம்.

ஒவ்வாமையும் அவ்வாறே. 2014 டிசெம்பர் மாதம் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 14 வகைப் பொருள்களுள் எவை ஓர் உணவிற் சேர்ந்துள்ளன என்பதை அறிவித்தல் கடமை. பால், முட்டை, மீன், கோதுமை, நிலக்கடலை என்பவற்றுடன் கடுகும் எள்ளும் அவற்றுள் அடங்கும். கடுகு தாளித்தும் நல்லெண்ணெய் ஊற்றியும் பழகிய எம்மவர் கை இவ்விடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும். சமைத்த உணவின் நடுப்பகுதி 70 பாகை செல்சியசில் இரண்டு நிமிடம் நிற்றல் வேண்டும். பரிமாறும் வரை 63 பாகைக்குக் குறையலாகாது. இவ்வளவைகளைக் கருவியால் அளந்து ஏட்டிற் பதிதல் நாளாந்த முறை.

முதியோர் பலர் சிறிதளவே உண்பர். அச்சிறிதளவிற் சத்து மிகச் செய்தல் சமையற்காரரின் திறமை. ஒரு பைந்து பாலில் நான்கு மேசைக்கரண்டி பால்மாவைக் கலந்து, அப்பாலைக் கஞ்சிக்கும் சூப்புக்கும் பயன்படுத்தல் பொதுவான வழக்கம். மசித்த உணவாயினும் காரற்றையும் பட்டாணியையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாய்க் குழப்பாது தனித்தனியே வைத்தால், உண்பவர் தாம் உண்பது யாதென அறிவர். சைவ உணவினரான முதியவர்க்குத் தனிக் கரண்டியும் தனிப் பாத்திரமும் எடுத்தல் அவர் வாழ்நாள் ஒழுக்கத்தை மதித்தலாகும்.

இனி, உழைப்போர் தம் உரிமையையும் அறிதல் வேண்டும். வேலை தேடிக் கொடுத்தமைக்காக உழைப்பவரிடம் முகவர் கட்டணம் அறவிடுதலை 1973 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. 2011 ஒற்றோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரே இடத்தில் ஒரே வேலையைப் பன்னிரண்டு கிழமை செய்தவர்க்கு, அவ்விடத்தார் நேரடியாக நியமிப்போர்க்குரிய அடிப்படைச் சம்பளம் உரியதாகும். அவ்விடத்திலுள்ள பொருத்தமான வெற்றிடங்களை அறியும் உரிமையோ முதல் நாளிலேயே உண்டு. உத்தியோகம் தேடுவோர்க்கு இவ்வுரிமை பெரிதும் பயன்படும்.

இத்தொழிலின் நன்மை, நேர்முகப் பரீட்சை நாளை முன்கூட்டியே ஒதுக்கி ஏனைய நாட்களில் உழைக்கலாம் என்பது. அதன் இடரும் அதிலேயே உண்டு. அடுத்த கிழமை வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை; தொலைவிலுள்ள இல்லத்துக்கு விடியுமுன் புறப்பட நேரும்; மாலையிற் களைத்து வந்தபின் விண்ணப்பம் எழுத மனம் வராது. ஆதலின் கிழமையில் ஒரு நாளையேனும் விண்ணப்பங்களுக்கென விட்டுவைத்தல் நன்று. வருவதாக ஏற்ற நாளிற் காலையிலே மறுத்தலோ எவ்வாற்றானும் தகாது. அலுவலகத்தில் ஒருவர் வராவிடிற் கடிதங்கள் தங்கும். இங்கே ஒருவர் வராவிடில், தாமே எழுந்து ஒரு கோப்பைத் தேநீரும் வார்க்கமாட்டாத முதியோர் நேரத்துக்கு உணவின்றி இருக்க நேரும்.

இடைக்காலத் தொழில் என்பது செய்பவர்க்கே இடைக்காலமானது. உண்பவர்க்கோ அது அன்றைய நாளின் உணவு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு கடமையாற்றும் இளைஞர், பின்னர் எவ்வுத்தியோகத்தில் அமர்ந்தாலும் அதற்கு வேண்டிய பொறுப்புணர்ச்சியை அங்கே கற்றவராவர்.