காட்டுக்குள் கைத்துப்பாக்கி... கை கொடுக்குமா, கம்பி எண்ண வைக்குமா?

கோவை: மலையேறப் போறோம், காட்டுல டெண்ட் போட்டுத் தங்கப் போறோம், ராத்திரி யானை, கரடி வந்தா என்ன பண்றது, பாக்கெட்டுல ஒரு சின்ன துப்பாக்கி இருந்தா தைரியமா இருக்குமே... இப்படி நினைக்கும் இளவட்டங்கள் நம்ம ஊரிலும் இருக்கிறார்கள். லைசென்சே வைத்திருந்தாலும் இந்த ஆசை ஆளை ஜெயிலுக்கு அனுப்பிவிடும் என்பதுதான் உண்மை.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது? எல்லாம் யூ டியூப் உபயம்தான். அமெரிக்காவில் காட்டுக்குள் நடை போகிறவர்கள் இடுப்பில் பிஸ்டல் செருகியிருப்பதை அதில் பார்க்கலாம். அங்கே 2010 பிப்ரவரியில் இருந்து தேசியப் பூங்காக்களுக்குள்ளும், அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி கொண்டு போகலாம்.

எந்த துப்பாக்கி நல்லது?

அங்கே நடக்கும் பெரிய விவாதமே இதுதான். பாயிண்ட் 22 ரகம் எடை குறைவு, சுடும்போது கை உதறாது, தோட்டாவும் மலிவு. ஆனால் அது முயல், அணில், பாம்புக்குத்தான் லாயக்கு. கரடி நடமாடும் பகுதி என்றால் பாயிண்ட் 44 மேக்னம், 10 மி.மீ. போன்ற பெரிய ரகங்களைத் தேடுகிறார்கள்.

அதுவும் கை கொடுக்கிறதா? அலாஸ்காவில் நடந்த சம்பவங்களை அலசி 2008ல் வெளியான ஆய்வு, மிளகாய்க் காரம் கலந்த கரடி ஸ்பிரே 10க்கு 9 முறை கரடியைத் தடுத்ததாகச் சொன்னது. துப்பாக்கியைப் பற்றி 2012ல் வந்த இன்னொரு ஆய்வில், சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம் படுவதில் பெரிய வித்தியாசமே இல்லை. கரடி பாய்ந்து வரும் சில விநாடிகளில் துப்பாக்கியை உருவி குறி பார்ப்பது லேசுப்பட்ட காரியமா என்ன?

வேலைக்காக ஹெச் 1 பி விசாவில் அமெரிக்கா போயிருக்கும் நம்ம பிள்ளைகளுக்கும் ஒரு எச்சரிக்கை. இப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அந்நாட்டு மத்திய சட்டம் தடை போடுகிறது. முறையான வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பன் கொடுத்தான் என்று வாங்கி வைத்தாலும் சிக்கல்தான்.

நம்ம ஊர் கதை

இங்கே முதல் கேள்வியே லைசென்ஸ். 21 வயது முடிந்திருக்க வேண்டும். உயிருக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா என்று போலீஸ் விசாரித்து அறிக்கை கொடுக்கும். 9 மி.மீ., பாயிண்ட் 38 போன்றவை பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகங்கள். கையில் கிடைப்பது பெரும்பாலும் பாயிண்ட் 32 ரிவால்வர். பெண்களின் பாதுகாப்புக்கு என்று 2014ல் கான்பூர் அரசு தொழிற்சாலை கொண்டுவந்த 'நிர்பீக்' இந்த ரகம்தான். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு சிறை.

சரி, லைசென்ஸ் இருக்கு, எடுத்துட்டுப் போலாமா? ம்ஹூம்! 1972ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின் 31வது பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் சார்பில் அதிகாரம் பெற்ற அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் யாரும் ஆயுதத்தோடு நுழையக்கூடாது என்கிறது. தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம். துப்பாக்கி மட்டுமில்லை, கத்தி, வலை, தோட்டா எல்லாமே இந்தச் சட்டத்தில் ஆயுதம்தான். ஆகவே சமையலுக்குக் கத்தி கொண்டு போனால்கூட வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

தற்காப்புக்கு சுட்டால்?

உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு வனவிலங்கைக் காயப்படுத்தினாலோ, கொன்றாலோ குற்றமில்லை என்று 11வது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அதிலேயே ஒரு கொக்கி இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் சலுகை கிடையாது. அதாவது, அனுமதியில்லாத துப்பாக்கியோடு சரணாலயத்துக்குள் போய், யானை துரத்தியது என்று சுட்டால், தற்காப்பு என்ற வாதம் எடுபடாது. யானை முதல் அட்டவணை விலங்கு என்பதால் தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை!

சுட்டால் விழுமா?

தர்மபுரி, சேலம் காடுகளில் ஆட்கொல்லி புலி, சிறுத்தைகளை வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது பாயிண்ட் 405 வின்செஸ்டர் ரைபிள். அதன் குண்டு சுமார் 19 கிராம். பாயிண்ட் 22 குண்டோ 3 கிராம்கூட இல்லை. எதிரே நிற்கும் ஆண் யானை 4 ஆயிரம் கிலோ! அதன் மேல் இது பட்டால் வலியும் கோபமும்தான் அதிகமாகும். காயம்பட்ட விலங்கு அடுத்து அந்த வழியாக வரும் அப்பாவி கிராமத்து ஆளைத் தாக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2018 மார்ச் 11ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் பலியானார்கள். அங்கே எந்த துப்பாக்கி காப்பாற்றியிருக்கும்?

அப்போ என்னதான் செய்யறது?

* அனுமதி பெற்ற பாதையில் மட்டும் போங்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் புக்கிங்கோடு அறிமுகம் செய்தது. காட்டை அறிந்த பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள். ரிசர்வ் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம்.

* அதிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் நடக்காதீர்கள். யானை நடமாட்டம் அதிகமுள்ள நேரம் அது.

* சூடு ஆறாத லத்தி, புதிதாக முறிந்த கிளை கண்ணில் பட்டால் வந்த வழியே திரும்புங்கள். செல்பி எடுக்க நிற்க வேண்டாம்.

* பாம்புக்கு கணுக்காலை மூடும் ஷூவும், டார்ச் லைட்டும் போதும். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். ஆளை அசையவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 108ஐ அழையுங்கள்.

* கோடையில் தீ அபாயத்துக்காக வனத்துறை பாதையை மூடினால், அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம். மலை எங்கேயும் ஓடிப் போகாது.

இதற்கெல்லாம் லைசென்சும் வேண்டாம், லட்ச ரூபாய் செலவும் வேண்டாம். வழிகாட்டி 'நில்லு'ன்னு சொன்னா அந்த இடத்துலயே நின்னுடுங்க. முழுசா வீடு திரும்ப அதுதான் முக்கியம்!