மாடு மேய்க்கப் போனவர் வரைந்த ஒரு படம்: யார் இந்த சார்லி ரஸ்ஸல்?

"ஒழுங்கா படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போவே!" இந்தத் திட்டு வாங்காமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர்கள் நம்மூரில் குறைவு. அமெரிக்காவில் ஒருவர் நிஜமாகவே படிப்பை விட்டுவிட்டு மாடு மேய்க்கத்தான் போனார். இன்று அந்நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர்தான் 'கௌபாய் ஓவியர்' சார்லஸ் மரியன் ரஸ்ஸல்.

செவ்வாய்க்கிழமை கூடும் காரிமங்கலம் வாரச்சந்தைக்கு மாடு, ஆடு ஓட்டி வருபவர்களுக்கு இவர் கதை சட்டென்று புரியும். ஏன்னா, அவரைப் பிரபலமாக்கியது பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக நின்ற ஒரு மாடு.

படிப்பு ஏறாத பையன்

1864-ல் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் ரஸ்ஸல். பாட நோட்டு முழுக்கக் குதிரையும் குதிரைக்காரனும்தான் இருக்கும். ராணுவப் பாணிப் பள்ளியில் சேர்த்தும் வழிக்கு வரவில்லை. கடைசியில் 1880-ல், 16 வயதை ஒட்டி, மேற்கே மொன்டானாவுக்கு அனுப்பி வைத்தார்கள். கொஞ்ச நாள் கஷ்டப்பட்டால் தானாகத் திரும்பி வந்துவிடுவான் என்பது வீட்டார் கணக்கு. அந்தக் கணக்குதான் தப்பிப்போனது.

முதலில் ஆட்டுப் பண்ணை. அது சரிப்படவில்லை. பிறகு ஒரு வேட்டைக்காரரோடு சுமார் இரண்டு ஆண்டுகள் காட்டில். 1882-ல் மாட்டுப் பண்ணைகளில் இரவுக் காவல் வேலை கிடைத்தது. மந்தை கலைந்து ஓடாமல் ராத்திரி முழுக்க விழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சலித்துக்கொண்ட வேலை அது. இவருக்கோ பகல் நேரம் கையில் மிச்சமானது. வரைந்து தள்ளினார். ஓவியப் பள்ளிப் பக்கம் போய்ப் படித்தவர் அல்ல. பார்த்துப் பார்த்துப் பழகிய கை.

கடிதத்துக்குப் பதிலாகப் போன படம்

1886 கோடையில் மழை பொய்த்தது. அளவுக்கு மீறி மாடுகள் மேய்ந்ததால் புல் கட்டாந்தரையாகிக் கிடந்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் பனி கொட்டி, மேலே கெட்டியாக உறைந்தது. அடியில் இருந்த கொஞ்சநஞ்சப் புல்லும் மாட்டின் வாய்க்கு எட்டவில்லை. பெரும்பாலான பண்ணைக்காரர்கள் வைக்கோல் சேர்த்து வைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்தன. பல பண்ணைகள் பாதிக்கும் மேல் இழந்தன.

ஹெலினா நகரில் இருந்த மாட்டு முதலாளி, "மந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டுக் கடிதம் போட்டார். பண்ணையில் இருந்தவருக்கு எப்படிப் பதில் எழுதுவதென்று தெரியவில்லை. ரஸ்ஸல் ஒரு சின்ன அட்டையில் வரைந்தார்: பனியில் கால் ஊன்ற முடியாமல் நிற்கும் ஒற்றை மாடு, விலா எலும்பு தெரிகிறது, விழட்டும் என்று காத்திருக்கும் ஓநாய்கள். கீழே 'சினூக்குக்காகக் காத்திருக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி. சினூக் என்பது பனியை உருக்கும் வெதுவெதுப்பான காற்று. நம்மூரில் மழைக்கு வானம் பார்ப்பது மாதிரி, அங்கே அந்தக் காற்றுக்காகக் காத்திருப்பார்கள்.

வேறு கடிதம் தேவைப்படவில்லை. அந்த அட்டை ஹெலினாவில் கைமாறிக் கைமாறிப் பேச்சானது. 23 வயதுகூட நிரம்பாத ஒரு காவல்காரனின் பெயர் ஊரெல்லாம் தெரிந்தது.

துப்பாக்கி இல்லாத கௌபாய்

சினிமா பார்த்துவிட்டு கௌபாய் என்றால் துப்பாக்கிச் சண்டைக்காரன் என்று நினைக்கிறோம். ரஸ்ஸல் சண்டையையும் வரைந்திருக்கிறார். ஆனால் அவர் படங்களில் கயிறு வீசுபவன், முரட்டுக் குதிரையில் இருந்து தூக்கியெறியப்படுபவன், மழையில் நனைந்து மந்தை காப்பவன் எல்லோரும் வருகிறார்கள். கூலிக்கு வேலை செய்தவர்கள் அவர்கள்.

பூர்வகுடி மக்களோடும் நெருங்கிப் பழகினார். 1912-ல் மொன்டானா சட்டமன்றத்துக்காக அவர் வரைந்த சுமார் 25 அடி நீள ஓவியத்தில், முன்னால் பாய்ந்து வருவது பூர்வகுடியினரின் குதிரைகள். 'நாட்டைக் கண்டுபிடித்தவர்கள்' என்று கொண்டாடப்படும் லூயிஸும் கிளார்க்கும் பின்னால் ஓரமாக நிற்கிறார்கள்.

1893-ல் மாட்டு வேலையை விட்டார். மதுக்கடைக் கடனுக்கே படம் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, 1896-ல் திருமணம் செய்த நான்சிதான் விலை பேசினார். நியூயார்க், லண்டன் வரை கண்காட்சி போனது. ஓவியம், சிற்பம், கோட்டோவியம் என்று சுமார் 4,000 படைப்புகளை விட்டுவிட்டு 1926-ல் கிரேட் ஃபால்ஸ் நகரில் இறந்தார். அன்று இறுதி ஊர்வலம் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டார்கள்.

தருமபுரிக்கு என்ன சம்பந்தம்?

மாட்டுக்காரன் வாழ்க்கையைப் படமாக்குவது நமக்குப் புதுசு இல்லை. தருமபுரி, செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்கள் பலவும் மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் விழுந்தவர்களுக்கு எடுத்தவை. கல்வெட்டில் மந்தைக்குத் 'தொறு' என்று பெயர். செங்கம் பக்கம் எடுத்தனூரில், சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தியோடு அவன் நாய் கோவிவனுக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. நடுகல்லில் இறந்தவன் பெயர் இருக்கும். செதுக்கியவன் பெயர் பெரும்பாலும் இருக்காது. அது செத்த பிறகு ஊர் எடுத்த கல். ரஸ்ஸலோ வேலையில் இருக்கும்போதே தன் கையால் அதைப் பதிந்தவர்.

வறட்சி வந்தால் தீவனம் வாங்க முடியாமல் அடிமாட்டு விலைக்கு மாட்டை விட்டுவிட்டு வருபவர்களை இந்தப் பக்கத்துச் சந்தைகள் பார்த்திருக்கின்றன. ரஸ்ஸல் அட்டையில் நிற்கும் மாட்டை அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. அடுத்த கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். மாடு மேய்ப்பது திட்டுவதற்கான வார்த்தை இல்லை என்பது அவர்களுக்கும் தெரியட்டும்.