காணாத கண்ணாடியும் காக்கும் வரைபடமும்: தன்னியக்க நகர் ரோபோக்களின் இடமறிதல்

ஆய்வுச் சுருக்கம்

தானே நகரும் ரோபோ தன் சூழலை வரைந்துகொள்வதும், அவ்வரைபடத்தில் தான் நிற்கும் இடத்தை அறிவதும் ஒன்றையொன்று சார்ந்த செயல்கள். 1997இல் ஜெர்மனியின் பான் நகரில் இயங்கிய ரைனோ என்னும் ரோபோவை முதன்மைச் சான்றாகக் கொண்டு, இச்செயல்கள் நிகழ்தகவின் மேல் அமைந்த முறையையும், உணரி காணாததை வரைபடம் ஈடுசெய்யும் விதத்தையும், அதன் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நகர் ரோபோ, இடமறிதல், வரைபடமாக்கல், நிகழ்தகவுப் பரவல், ஒட்டுறவு

முன்னுரை

1997ஆம் ஆண்டு, பான் நகரின் டாய்ச்சஸ் மியூசியம் என்னும் அருங்காட்சியகத்தில் ரைனோ ஆறு நாள்கள் பார்வையாளர்களுக்கு வழிகாட்டியாக இயங்கியது. வொல்ஃப்ராம் பர்கார்ட், டீட்டர் ஃபாக்ஸ், செபாஸ்டியன் த்ரன் முதலியோர் அடங்கிய குழு அதனை உருவாக்கியது. ஏறத்தாழ 47 மணி நேர இயக்கத்தில் அது கடந்த தொலைவு 18.6 கி.மீ.

அங்கே ரோபோவுக்கு இருந்த பெரிய இடர் கண்ணாடியாகும். காட்சிப்பொருள்கள் பல கண்ணாடிப் பேழைகளுக்குள் வைக்கப்பட்டிருந்தன. லேசர் ஒளி கண்ணாடியை ஊடுருவிச் செல்லும். மீயொலி, வழவழப்பான பரப்பில் சாய்வாகப் பட்டால், அனுப்பிய உணரிக்குத் திரும்பாமல் வேறு திசையில் தெறித்துவிடும். தொடு உணரிகளோ மோதிய பின்னரே செய்தி சொல்பவை. எனவே பேழைகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டன. ஆயினும் தான் எங்கே நிற்கிறது என்பதை ரோபோ அறிந்திருந்தால் மட்டுமே அக்குறிப்பு பயன்படும். தன் இடத்தை அரை மீட்டர் தவறாகக் கணித்த ரோபோவுக்குச் சரியான வரைபடமும் தவறான வரைபடமே. இடமறிதல் என்னும் கணக்கு இங்குப் பாதுகாப்பு சார்ந்த சிக்கலாகிவிடுகிறது.

சக்கரக் கணக்கும் அதன் பிழையும்

தன் இடத்தை அறிய ரோபோவுக்கு எளிய வழி, சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணுவதாகும். சுற்றளவை அறிந்தால் தொலைவு கிடைக்கும். இரு சக்கரங்களின் சுழற்சி வேறுபாட்டிலிருந்து திரும்பிய கோணம் கிடைக்கும். ஆனால் சக்கரம் வழுக்கும்; தரைவிரிப்பில் சற்றே புதையும். தொலைவுப் பிழையை விடக் கோணப் பிழையே கொடியது. ஒரு பாகை மட்டும் திசை பிறழ்ந்த ரோபோ, 10 மீட்டர் சென்றபின் ஏறத்தாழ 17 செ.மீ. விலகியிருக்கும், 50 மீட்டரில் அவ்விலகல் 87 செ.மீ. ஆகும். ஒவ்வோர் அசைவின் பிழையும் முந்தையதன் மேல் ஏறுவதால், சக்கரக் கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் அதனால் தன்னைத் திருத்திக்கொள்ள இயலாது. திருத்தம் வெளியுலகிலிருந்தே வர வேண்டும்.

ஓர் இடமன்று, இடங்களின் பரவல்

வெளியுலகைக் காணும் உணரிகளும் பிழையற்றவை அல்ல. நீண்ட நடைகூடத்தில் நிற்கும் ரோபோவின் லேசர், இரு பக்கச் சுவர்களின் தொலைவைத் துல்லியமாக அளக்கும். நடைகூடத்தின் தொடக்கத்தில் நிற்கிறதா நடுவில் நிற்கிறதா என்பதை மட்டும் சொல்லாது. ஒரே அளவீடு பல இடங்களுக்குப் பொருந்தும் நிலையில் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து ‘இதுவே என் இடம்’ என முடிவு செய்வது ஆபத்தானது.

ரைனோ அவ்வாறு முடிவு செய்யவில்லை. அரங்கத்தைச் சிறு கட்டங்களாகவும் நோக்கும் திசைகளாகவும் பகுத்து, ஒவ்வொன்றிலும் தான் இருப்பதற்கான நிகழ்தகவை அது வைத்திருந்தது. நகரும்போது பரவல் விரிந்து மங்கும். அளவீடு கிடைக்கும்போது, அதற்குப் பொருந்தும் இடங்களின் எடை கூடி, பொருந்தாதவற்றின் எடை குறையும். மேனிலைப் பள்ளிக் கணிதத்தில் பயிலும் பேயீஸ் தேற்றமே இதன் அடிப்படை. ஒரு கதவைக் கண்ட ரோபோ, எல்லாக் கதவுகளின் அருகிலும் தன்னை வைத்துப் பார்க்கும். இரண்டாவது கதவு வரும் தொலைவு அவற்றுட் பலவற்றை நீக்கிவிடும். 1999இல் அறிமுகமான மான்டி கார்லோ இடமறிதல் முறை, கட்டங்களுக்கு மாறாக, இடக் கருதுகோள்களாகிய ஆயிரக்கணக்கான துகள்களைக் கொண்டு இப்பணியைக் குறைந்த கணக்கீட்டில் செய்கிறது.

இப்பரவலை ஆங்கில நூல்கள் ‘பிலீஃப்’ என்கின்றன. அதனை ‘நம்பிக்கை’ என நேராகப் பெயர்ப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை. தமிழில் நம்பிக்கை ஐயம் நீங்கிய நிலையைச் சுட்டும். இங்கோ, ஐயம் எவ்வளவு என்பதே அளக்கப்படுகிறது. ‘இருப்புநிலைப் பரவல்’ என்பது ஓரளவு ஏற்புடையது.

கண்ணாடிச் சிக்கலுக்கான விடையும் இப்பரவலிலிருந்தே கிடைத்தது. வரைபடத்திலுள்ள பேழை தன்னிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதை ரைனோ ஒரே எண்ணாகக் கொள்ளவில்லை. உண்மைத் தொலைவு இதைவிடக் குறையாது என 99 விழுக்காடு உறுதி கூறத்தக்க தொலைவை, உணரி அளந்த தொலைவைப் போலவே மோதல் தவிர்ப்புக் கணக்கில் சேர்த்தது. ஐயம் மிகும்போது அத்தொலைவு தானே சுருங்கும். ரோபோ பேழையிலிருந்து கூடுதலாக விலகும். தன் அறியாமையின் அளவை அறிந்திருப்பதே இங்குக் காப்பாகிறது.

கூட்டத்தின் நடுவே

மேற்கண்ட முறை, சூழல் மாறாதது என்னும் எடுகோளின் மேல் நிற்கிறது. அருங்காட்சியகத்திலோ பார்வையாளர்கள் ரோபோவைச் சூழ்ந்துகொள்வர். லேசர் அவர்களின் கால்களில் பட்டுத் திரும்பும். ரோபோ அதனைச் சுவர் எனக் கொண்டால் பரவல் முழுவதும் தவறான இடத்திற்கு நகரும். ஆகவே, வரைபடப்படி எதிர்பார்த்ததைவிடத் தெளிவாகக் குறைந்த அளவீடுகளை இடமறிதலில் சேர்க்காமல் தள்ளுவது ஒரு வழி. மனிதர் சுவரை மறைப்பர். சுவரைப் பின்னுக்குத் தள்ளமாட்டார் என்பதே இதன் எளிய தருக்கம். மோதல் தவிர்ப்புக்கு அதே அளவீடுகள் தொடர்ந்து பயன்படும்.

இதற்கு விலையும் உண்டு. ரோபோ உண்மையிலேயே இடம் தவறியிருந்தால், எதிர்பாராத குறுகிய அளவீடே அதனை உணர்த்தும் சான்று. அதனைத் தள்ளும் வடிகட்டி, தவறை உணரும் வாய்ப்பையும் சேர்த்தே தள்ளுகிறது.

வரைதலும் அறிதலும் இணைதல்

ரைனோவின் வரைபடத்தை மனிதர்களே ஆக்கித் தந்தனர். வரைபடமற்ற இடத்தில் விடப்பட்ட ரோபோவின் நிலை வேறு: இடமறிய வரைபடம் வேண்டும், வரைய இடம் தெரிய வேண்டும். ஹான்ஸ் மொராவெக், ஆல்பர்ட்டோ எல்ஃபெஸ் ஆகியோர் 1985இல் முன்வைத்த கட்டமுறை வரைபடம், ஒவ்வொரு கட்டமும் நிரம்பியதா வெற்றிடமா என்பதை நிகழ்தகவாகப் பதிந்தது. ஆயினும் ரோபோவின் இடம் தெரியும் என்பது அதன் எடுகோள்.

இரண்டையும் ஒருங்கே அறிய முயன்ற தொடக்கக் காலத்தில், பிழைகள் கட்டின்றிப் பெருகும் என்று பலர் கருதினர். ஓர் அடையாளக் குறியின் பிழை மற்றொன்றின் பிழையோடு கொள்ளும் ஒட்டுறவு, கணக்கீட்டுச் சுமையாகவே தோன்றியது. அதனைக் குறைக்கவே முயன்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது என்பது 1990களின் நடுவில் தெளிவாயிற்று. தவறான இடத்தில் நின்று இரு தூண்களைக் குறிக்கும் ரோபோ, இரண்டையும் ஒரே அளவில், ஒரே திசையில் தவறாகக் குறிக்கும். அவற்றிற்கிடையேயான தொலைவோ ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். பின்னர் ஒரு தூணின் இடம் உறுதியானால், ஒட்டுறவின் வழியே மற்றதும் திருந்தும். சுற்றி வந்து தொடங்கிய இடத்தை ரோபோ அடையாளம் காணும்போது வழி முழுவதும் சேர்ந்த பிழை பின்னோக்கிச் சரியாவது இதனாலேயே. சுமையெனக் கருதியதே தீர்வாயிற்று. ‘ஸ்லாம்’ எனச் சுருக்கமாக வழங்கும் ‘ஒருங்கு இடமறிதலும் வரைபடமாக்கலும்’ என்னும் பெயர் 1995ஆம் ஆண்டின் பன்னாட்டு ரோபோவியல் ஆய்வுக் கருத்தரங்கில் முன்வைக்கப்பட்டது.

வரைபடத்தில் மனிதக் கை

எனினும் கண்ணாடி மீண்டும் குறுக்கே நிற்கிறது. ரோபோ தானே வரையும் வரைபடத்தில், அதன் உணரி கண்டவை மட்டுமே இடம்பெறும். லேசர் காணாத பேழை அவ்வரைபடத்தில் வெற்றிடமாகவே பதியும். ரைனோவைக் காத்த குறிப்பை அங்கே எழுதியது மனிதக் கை. தன்னியக்கம் முழுமையடையுந்தோறும் அக்கை விலகுகிறது. ஒட்டுறவுக் கணக்கு, கண்ட பொருளின் பிழையைத் திருத்துமேயன்றிக் காணாத பொருளைத் தராது.

இன்றைய நடைமுறையும் இதனை ஒருவகையில் ஒப்புக்கொள்கிறது. கிடங்குகளில் இயங்கும் நகர் ரோபோக்கள் தாமே வரைபடம் வரைந்தபின், பொறியாளர் அதனைத் திரையில் திறந்து, கண்ணாடிக் கதவு, படிக்கட்டின் விளிம்பு, தாழ்ந்து நீட்டிய மேசைப் பலகை ஆகியவற்றைச் சுற்றி ‘நுழையாப் பகுதி’ எனக் கோடு வரைகிறார். வீட்டுத் தரை துடைக்கும் ரோபோவின் செயலியில் பயனர் இழுக்கும் ‘கற்பனைச் சுவர்’ அதே வேலையைச் செய்கிறது. அக்கோட்டினை ரோபோவின் எந்த உணரியும் சரிபார்க்க இயலாது. ஆகவே பேழை இடம் மாற்றப்பட்டால் வரைபடத்திலும் அதனை மாற்ற ஒருவர் நினைவில் கொண்டிருக்க வேண்டும்.